தரையை ஒட்டிய ஹெலிகாப்டர் பயிற்சி: வால் எங்கே தட்டுகிறது, மாஸ்ட் எப்போது முறிகிறது

ராபின்சன் நிறுவனத்தின் ஆர்22 என்ற சிறு ஹெலிகாப்டரில் குயிக் ஸ்டாப் சொல்லிக்கொடுப்பவர்களுக்காக எழுதுகிறேன். 25 முதல் 40 அடி உயரத்தில் ஓடிவரும் வண்டியை ஏறாமல், இறங்காமல் நிறுத்துவதுதான் பாடம். சைக்ளிக் (ரோட்டரை முன்பின், பக்கவாட்டில் சாய்க்கும் பிடி) பின்னால் வரும்போதே கலெக்டிவ் (எல்லா பிளேடின் கோணத்தையும் ஒன்றாக ஏற்றி இறக்கும் நெம்புகோல்) இறங்கணும். கலெக்டிவ் இறங்கினால் மூக்கு இடப்பக்கம் ஓடும், வால் ரோட்டரை இயக்கும் பெடல்களில் வலது பெடல் அதைப் பிடிக்கணும். மாணவர் சைக்ளிக்கை மட்டும் இழுப்பார், வண்டி ஜிவ்வென்று மேலே கிளம்பும். பதறிப்போய்க் கலெக்டிவை அமுக்குவார். மூக்கோ இன்னும் வானத்தைப் பார்த்தபடி நிற்கும். வால் ரோட்டர், மாஸ்டிலிருந்து (மேல் ரோட்டரைத் தாங்கிச் சுழற்றும் தண்டு) 14 அடிக்கு மேல் பின்னால் இருக்கிறது. மூக்கு 20 டிகிரி தூக்கினால் அது சுமார் 5 அடி கீழே போய்விடும். முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு உயரம் தாராளமாகத் தெரியும்போதே வால் புல்லைச் சீவும்.

இன்னொன்று, ஆர்22-ன் சைக்ளிக் நடுவில் நிற்கும் டி வடிவக் கம்பி. மாணவர் தன் பிடியைத் தொடையில் தாழ்த்தி வைத்தால் பயிற்சியாளரின் பிடி நெஞ்சளவுக்கு உயர்ந்துவிடும். எட்டிப் பிடிப்பதற்குள் காரியம் முடிந்திருக்கும். கையைப் பிடிக்குப் பின்னால் தடுப்பாக வைத்தே உட்காருங்கள்.

—

மேலே எழுதிய சார் சொன்னது குயிக் ஸ்டாப்பின் தொடக்கத்தில் வரும் தவறு. அதன் முடிவில் விழுபவர்களும் உண்டு. வேகம் 16 – 24 நாட் வரம்புக்குக் கீழே வந்ததும் ரோட்டருக்குக் கிடைத்துவந்த கூடுதல் தூக்கல் போய்விடும், திடீரென்று பவர் கேட்கும். காற்று முதுகில் இருந்தால் இது இன்னும் மோசம். அந்த நேரத்தில் மாணவர் த்ராட்டிலை (எஞ்சின் முடுக்கும் பிடி) இறுக்கிப் பிடித்திருந்தால், ரோட்டர் வேகத்தைத் தானாகக் காக்கும் கவர்னரால் அதைத் திருப்ப முடியாது. ஆர்பிஎம் (ரோட்டரின் சுழல் வேகம்) 97 சதவீதத்துக்கு வந்ததும் எச்சரிக்கை ஹார்ன் அலறும். உயரத்தில் என்றால் த்ராட்டிலைத் திறந்து கலெக்டிவை இறக்கலாம். 15 அடியில் இறக்க இடமேது? தரை நெருங்குகிறதே என்று கலெக்டிவைத் தூக்குவார்கள். பிளேடின் கோணம் கூடக்கூட ஆர்பிஎம் இன்னும் சரியும். வால் ரோட்டரும் அதே கியரில் ஓடுவதால் அதுவும் சோர்ந்துபோகும். இடது பெடல் முழுதாக அமுங்கியிருந்தும் மூக்கு வலப்பக்கம் சுற்ற ஆரம்பிப்பது இதனால்தான். பெடல் கம்பியில் கோளாறு என்று பிறகு தேடுவது வீண்.

—

சேத்தக் ஹெலிகாப்டரில் படிப்பவர்கள் மேலே சொன்ன இடது வலதை அப்படியே மாற்றிப் படியுங்கள். அரக்கோணம் ஐஎன்எஸ் ராஜாளியில் கடற்படையின் ஹெலிகாப்டர் பயிற்சிப் பள்ளிக்குப் பழக்கமான அந்த வண்டியின் ரோட்டர் மேலிருந்து பார்த்தால் கடிகாரச் சுற்றில் ஓடும். பவர் கூட்டினால் வலது பெடல்.

—

மாஸ்ட் பற்றி. வியட்நாம் போர்க்காலத்தில் மரமும் மேடும் ஒட்டிப் பறந்த அமெரிக்க ராணுவத்தின் ஹியூயி ஹெலிகாப்டர்களுக்கு நேர்ந்ததே பின்னர் ஆர்22-க்கும் நேர்ந்தது. இரண்டுமே இரட்டை பிளேடு, அவற்றை மாஸ்டோடு இணைக்கும் ஹப் ஊஞ்சல் போல் ஆடும். மேட்டைத் தாண்டியதும் மாணவர் சைக்ளிக்கை முன்னால் தள்ளுவார். வயிறு மேலே எழும்பும் அந்த உணர்வுதான் எச்சரிக்கை, ரோட்டர் சுமை இழந்துவிட்டது. வால் ரோட்டரோ தள்ளிக்கொண்டே இருக்கிறது, உடம்பு வலப்பக்கம் சாயும். சாய்கிறதே என்று சைக்ளிக்கை இடது பக்கம் தள்ளுவது எல்லாருக்கும் கை பழகிய செயல், கொல்வதும் அதுதான். தூக்கல் இல்லாத டிஸ்க் (சுழலும் பிளேடுகளின் வட்டம்) மட்டும் இடப்பக்கம் சாயும், உடம்பு கூட வராது, ஹப் மாஸ்டை இடிக்கும், மாஸ்ட் முறியும். முதலில் சைக்ளிக்கை மெதுவாகப் பின்னால் கொண்டுவந்து ரோட்டருக்குச் சுமை ஏற்றுங்கள், பிறகுதான் சாய்வைச் சரிசெய்யணும்.

இதை மாணவருக்குச் செய்துகாட்ட ஆசைப்படாதீர்கள். 1995-ல் அமெரிக்காவில் எஸ்எஃப்ஏஆர் 73 என்ற சிறப்பு விமான விதி வந்தபோது ராபின்சன் வண்டிகளில் இதைத் தரையில் வாயால் விளக்குவது கட்டாயமாயிற்று, அதே ஆண்டு வந்த தனி ஆணையால் காற்றில் செய்துகாட்டுவது தடைபட்டது. காக்பிட்டிலேயே அந்தத் தடை ஒட்டப்பட்டிருக்கிறது.