சித்தப்பாவின் இடுப்பும் கொழுந்து மூட்டையும்

சித்தி (கோத்தகிரி), காலை 6.40
அனைவருக்கும் வணக்கம். செவ்வாய்க்கிழமை தேயிலைக் கொழுந்து மூட்டையை ஜீப்பில் ஏற்றும்போது உங்கள் சித்தப்பாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. மூன்று நாட்களாகத் தரையில் பாய் விரித்துப் படுத்தே இருக்கிறார். பல் துலக்கக் குனிவதற்குள் முகம் சுருங்கிவிடுகிறது. நாளை கோயம்புத்தூருக்கு அழைத்துச் சென்று ஸ்கேன் எடுத்துவிடலாமா என்று யோசிக்கிறோம்.

பெரியப்பா (உதகை), 6.52
அவசரப்பட வேண்டாம். எனக்கு 1987-இல் இப்படி வந்தபோது மூன்று வாரம் கட்டாந்தரையில் படுத்திருந்துதான் குணமானேன். பெல்ட் ஒன்று வாங்கிக் கட்டிக்கொண்டு அசையாமல் படுத்திருக்கச் சொல்லுங்கள்.

அக்கா (குன்னூர்), 7.15
சித்தி, ஸ்கேன் பேச்சுக்கு முன்பு நான் கேட்பவற்றுக்கு விடை வேண்டும். பிசியோதெரபிஸ்டாகக் கேட்கிறேன், கூச்சப்படாதீர்கள். சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வதோ, தன்னையறியாமல் போய்விடுவதோ உண்டா? கழுவும்போது அந்த இடம் மரத்திருக்கிறதா? கால் வலுவிழந்திருக்கிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் நாளைக்கு என்று தள்ளாமல் இப்போதே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும், ஏனெனில் முதுகெலும்பின் அடியிலுள்ள நரம்புக் கற்றை நசுங்கியிருந்தால் தாமதத்தால் ஏற்படும் இழப்பு நிரந்தரமாகிவிடக்கூடும். காய்ச்சலும் காரணமற்ற எடைக்குறைவும் இருக்கின்றனவா என்றும் சொல்லுங்கள். முதுகெலும்புக் காசநோய் நம் நாட்டில் இன்னும் இருக்கிறது.

தம்பி (கோத்தகிரி), 7.48
எதுவும் இல்லை, அக்கா. நீங்கள் தொலைபேசியில் சொன்னபடி அப்பாவை வராந்தாவில் குதிகாலை மட்டும் ஊன்றிப் பத்து அடியும், பிறகு விரல்நுனியில் பத்து அடியும் நடக்கவைத்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டார், ஆனால் பாதம் தொங்கவில்லை. வலி வலது பிட்டத்தோடு நின்றுவிடுகிறது. முழங்காலுக்குக் கீழே இறங்கவில்லை. முன்பு எடுத்த ஸ்கேனில் எல்4–எல்5 என்ற கீழ்முதுகு எலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் இருக்கும் வட்டு பிதுங்கியிருப்பதாக எழுதியிருந்தார்களே, அதுதான் காரணமா?

அக்கா, 8.20
அப்படிச் சொல்லிவிட முடியாது. வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015-இல் வெளியான ஆய்வில், 50 வயதினரில் ஏறத்தாழ 60 சதவீதம் பேருக்கு வட்டுப் பிதுக்கம் இருந்தது. வயதான தேயிலைச் செடியின் தண்டு முறுக்கேறியிருப்பதைப் பார்த்து அது இனிக் கொழுந்து விடாது என்று நாம் வெட்டிப்போடுவதில்லை. இத்தகைய இடுப்பு வலி பெரும்பாலும் சில வாரங்களில் தானே தணிந்துவிடும் என்பதால், இந்த நிலையில் ஸ்கேன் நமக்குப் புதிதாக எதையும் சொல்லப்போவதில்லை. கொண்டை ஊசி வளைவுகளில் மணிக்கணக்காக உட்கார்ந்து போய் வருவதுதான் அவருக்குத் தண்டனை.

பெரியப்பா, மூன்று வாரம் படுத்ததால் குணமானீர்களா, படுத்திருந்தும் குணமானீர்களா என்பதே என் ஐயம். படுக்கையில் கிடந்தால் தசை இறுகும்; எழுந்திருக்கவே பயம் வந்துவிடும். நாள்பட்ட இடுப்பு வலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலும் பெல்ட்டை வழக்கமான சிகிச்சையாகப் பரிந்துரைக்கவில்லை.

பெரியப்பா, 8.31
நான் வாதாடவில்லை, அம்மா. ஆனால் அந்தப் பெல்ட்டை இன்றும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

சித்தி, 8.40
கண்ணு, மருந்துக்கடையில் டைக்ளோஃபினாக் வாங்கிக் காலையும் மாலையும் கொடுக்கிறேன். பெரும்பாலும் வெறும் வயிற்றில்தான் விழுங்குகிறார்.

அக்கா, 8.44
அதை உடனே நிறுத்துங்கள். அவர் இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறார், வயிற்றுப்புண்ணும் இருந்தது. இந்த வகை வலி மாத்திரை வயிற்றில் இரத்தக்கசிவை உண்டாக்கலாம், சிறுநீரகத்தையும் கெடுக்கலாம். அவருக்கு எது பொருந்தும் என்று வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடம் இன்றே கேளுங்கள்.

இப்போதைக்கு வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றி 15 நிமிடம் வையுங்கள். எழும்போது நேராக நிமிராமல் ஒருக்களித்துத் திரும்பி, கால்களைக் கீழே விட்டு, கையை ஊன்றி எழட்டும். மணிக்கொரு முறை முற்றத்தின் சமதளத்தில் ஐந்து நிமிடம் நடக்கட்டும். தோட்டத்துச் சரிவு சில நாட்களுக்கு வேண்டாம். நடக்கும்போது சிறிது வலிப்பதால் உள்ளே ஏதோ கிழிகிறது என்று அஞ்ச வேண்டியதில்லை, ஆனால் வலி காலில் இறங்கினாலோ கால் மரத்துப்போனாலோ எனக்குச் சொல்லுங்கள்.

சித்தப்பா (கோத்தகிரி), பகல் 12.05
நின்றுகொண்டே இதைத் தட்டச்சு செய்கிறேன். நான்கு முறை நடந்துவிட்டேன். முதல் முறை சுவர், நான்காம் முறை சுவர் இல்லை. இத்தனை ஆண்டுகளாக அதே மூட்டையைத்தானே தூக்குகிறேன், அன்று மட்டும் ஏன் பிடித்துக்கொண்டது?

அக்கா, 12.20
அன்று எப்படித் தூக்கினீர்கள், சித்தப்பா?

சித்தப்பா, 12.26
மழையில் நனைந்த கொழுந்து, வழக்கத்தைவிடக் கனம். ஜீப் சரிவில் நின்றது. மேல்பக்கம் நின்றபடி உடம்பைத் திருப்பி வீசினேன்.

அக்கா, 12.31
குனிந்து, பளுவை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்து, அதே மூச்சில் இடுப்பைத் திருகியிருக்கிறீர்கள். அடுத்த பறிப்புச் சுற்றில் அரை மூட்டையாகக் கட்டி, நெஞ்சோடு அணைத்துத் தூக்கி, காலை எடுத்துவைத்துத் திரும்புங்கள்.

சித்தி, 12.34
அடுத்த சுற்று புதன்கிழமை வருகிறது. இவர் அதற்குள் தூக்கலாமா?

அக்கா, 12.36
பறிக்கலாம், தூக்க வேண்டாம். தம்பி விடுப்பு எடுத்துக்கொள்ளட்டும்.

தம்பி, 12.37
எடுத்துவிட்டேன். அரை மூட்டைதானே, அக்கா?