சாமி வந்துருச்சுன்னு நெனச்சுட்டாங்க

எங்க அத்தைக்கு (வீட்டுக்காரரோட அம்மா) ஹண்டிங்டன்னு பரம்பரையா வர்ற ஒரு மூளை நோய். கை, தோளு, முகம் எல்லாம் அதுபாட்டுக்கு ஆடிட்டே இருக்கும், தூங்கினா மட்டும்தான் அடங்கும். தஞ்சாவூர்ல இருந்து தென்னாப்பிரிக்கா டர்பனுக்கு வாக்கப்பட்டு வந்தவ நான், இந்தப் பேரையே இங்கதான் கேள்விப்பட்டேன்.

ஈஸ்டர் சமயம் இசிப்பிங்கோ மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குக் கூட்டிட்டுப் போனோம். குட் ஃப்ரைடே கூட்டம் தெரியும்ல. மேளம் ஆரம்பிச்சதும் அத்தைக்கு ஆட்டம் ஜாஸ்தியாயிருச்சு, மனசு பரபரத்தா அப்படித்தான் ஆகும். பக்கத்துல ஒரு ஆயா ஆத்தா வந்துட்டாடின்னு கும்பிட, ஒருத்தர் மஞ்சத்தண்ணிய கால்ல ஊத்த, இன்னொருத்தர் வேப்பிலைய கைல திணிக்க, ஒரு அங்கிள் குனிஞ்சு எம்பையனுக்கு வேலை கெடைக்குமாம்மாங்கறார். அத்தைக்குப் பேச்சு குழறும், குசும்பு மட்டும் கொறையல, "கெடைக்கும் கெடைக்கும், மொதல்ல ஒரு டீ குடு"ன்னாங்க! டீயும் வந்துருச்சு. தண்ணியா குடிச்சா புரையேறும்னு நான் கெட்டியாக்குற பவுடரை எடுத்துக் கலக்குனா, அதையும் விபூதின்னு நெனச்சு ஒருத்தர் கை நீட்டுறார்.

வீட்டுக்காரர் வெளக்கம் சொல்லப் போனாரு, நாந்தான் விடுங்கன்னுட்டேன். ஒரு மால்ல குடிச்சிருக்காங்கன்னு செக்யூரிட்டி வாசல்லயே நிறுத்துனான், அதுக்கு இது எவ்வளவோ தேவல.

அத்தையோட அப்பாவுக்கும் இதே ஆட்டமாம், நரம்புத் தளர்ச்சின்னு சொல்லியே காலத்த ஓட்டிட்டாங்க. அப்ப டெஸ்ட்டும் கெடையாது, அந்த ஜீனையே 1993லதான் கண்டுபிடிச்சாங்க. நாலாவது குரோமோசோம்ல சிஏஜி-ன்னு ஒரு எழுத்துக்கோர்வை திரும்பத் திரும்ப வருமாம், 40ஓ அதுக்கு மேலயோ இருந்தா நோய் வந்தே தீரும். டெட்ராபெனசின்னு ஒரு மருந்து குடுத்தா ஆட்டம் கொறையுது, ஆனா ஆளு சோர்ந்து மூலைல ஒக்காந்துடறாங்க, மனச்சோர்வு வருதான்னு கவனிச்சுட்டே இருக்கணும்னு டாக்டர் சொன்னாரு. எட போகாம பாத்துக்கறதே ஒரு தனி வேலை, எவ்வளவு நெய் ஊத்தினாலும் ஒடம்புல ஒட்ட மாட்டேங்குது.

புள்ளைங்க ஒவ்வொருத்தருக்கும் பாதிக்குப் பாதி சான்ஸ். நாத்தனார் கவுன்சலிங் எல்லாம் போய் டெஸ்ட் எடுத்துட்டா, அவளுக்கு இல்ல. எங்க வீட்டுக்காரர் எடுக்கவே மாட்டேங்கறாரு, நானும் கட்டாயப்படுத்தல, அது அவர் ஒடம்பு. இப்ப என்னன்னா 15 வயசுப் பையன் நெட்ல படிச்சுட்டு எனக்குப் பாருங்கன்னு நிக்கறான். அறிகுறி இல்லாத சின்னப் பசங்களுக்கு 18 வயசுக்கு முன்னாடி பண்ண மாட்டாங்கடான்னா, அப்ப அப்பா எடுக்கட்டும்ங்கறான். அவருக்கு இருந்தாத்தானே எனக்குங்கறான். அப்பாவும் புள்ளையும் இப்ப பேசிக்கறதில்ல.