சூரியப் புயல் உங்களைத் தொட்டதுண்டா? கொங்குப் பக்கத்து அனுபவங்கள்

பவானிக்கரை ரேடியோ:

2024 மே 10, வெள்ளிக்கிழமை, அட்சய திரிதியை. ஈரோட்டு வெயில் மண்டையைப் பிளந்தது. வீட்டில் எல்லாரும் நகைக்கடைக்குப் போயிருந்தார்கள். மாடி அறையில் நானும் ரேடியோவும்தான். ஹாம் உரிமம், அதாவது பொழுதுபோக்காக ரேடியோவில் பேசிக்கொள்ளும் உரிமம், வாங்கிப் பல வருடமாகிறது. 40 மீட்டர் பட்டையில், அதாவது 7 மெகாஹெர்ட்ஸில், மங்களூர் நண்பர் தன் வீட்டுப் பலாமரத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

12.20 இருக்கும். அவர் குரல் கிணற்றுக்குள் இறங்குவது போலத் தேய்ந்தது. இரண்டு நிமிடத்தில் குரலோடு சேர்த்து, எப்போதும் கூடவே கேட்கும் இரைச்சலும் அடங்கிவிட்டது. ரேடியோக்காரர்களுக்கு இது தெரியும்: இரைச்சலே இல்லை என்றால் ஆண்டெனா கழன்றுவிட்டது என்றுதான் முதலில் தோன்றும். வெறுங்காலோடு மொட்டைமாடிக்கு ஓடினேன். கம்பி நன்றாக இருந்தது. கேபிள் முனையைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். ஆண்டெனா சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் 1.3 காட்டியது, எந்தக் குறையும் இல்லை. 14 மெகாஹெர்ட்ஸுக்குப் போனேன், அங்கேயும் நிசப்தம். 30 வருடம் பழகிய காது, ஒரு நாளும் அப்படி ஒரு அமைதியைக் கேட்டதில்லை.

கடைசியாக, இதைவிட உயர்ந்த அலைவெண்ணில் பேசும் விஎச்எஃப் கைக்கருவியை எடுத்துக் கோவை நண்பரைக் கூப்பிட்டேன். அது பளிச்சென்று கேட்டது. "ஏனுங்க, உங்களுக்கு 40 மீட்டர் கேக்குதுங்களா?" என்றேன். "இல்லைங்க, எனக்கும் செத்துப் போச்சு. ஆண்டெனாவைப் பிரிச்சிராதீங்க, இது மேல இருந்து வந்தது" என்றார்.

அப்புறம்தான் விவரம் தெரிந்தது. சூரியனில் எக்ஸ் 3.9 அளவுக்கு ஒரு வெடிப்பு (எக்ஸ் என்பதுதான் மிகப் பெரிய வகை), நம் நேரப்படி 12.24க்கு உச்சம். சூரியன் ஏறக்குறைய நம் தலைக்கு மேலே நின்ற நேரம். வெடிப்பின் எக்ஸ் கதிர் ஒளி வேகத்தில் வரும். 8 நிமிடம் 20 விநாடியில் இங்கே இருக்கும். முன்னால் ஓடிவந்து சொல்ல அதைவிட வேகமான தூதன் கிடையாது. வந்த கதிர், 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் காற்றை மின்னேற்றித் தடிக்க வைக்கிறது. அதற்கும் மேலே போய்ப் பட்டுத் திரும்ப வேண்டிய சிற்றலை, அதாவது நாங்கள் பேசுகிற 7, 14 மெகாஹெர்ட்ஸ் அலைகள், போகிற வழியிலேயே உறிஞ்சப்பட்டுவிடுகிறது. விஎச்எஃப் நேர்கோட்டில் போகிற அலை, அதனால் தப்பித்தது. குறைந்த அலைவெண்ணுக்குத்தான் அடி அதிகம். எனக்கும் 21 மெகாஹெர்ட்ஸ் முதலில் உயிர் பெற்றது, பிறகு 14, கடைசியாகத்தான் 7. மங்களூர்க்காரர் திரும்பக் கிடைத்தபோது, "உங்க வீட்ல கரண்ட் போயிருச்சோன்னு நெனச்சேன்" என்றார்.

எனக்கு அது ஒரு மணி நேரப் பேச்சு போனதோடு சரி. நடுக்கடல் மேல் பறக்கிற விமானிக்கும் ஆழ்கடலில் இருக்கிற கப்பலுக்கும் இன்றும் இந்தச் சிற்றலை ஒரு துணை. நம் பக்கத்தில் வேறு யாருக்காவது இப்படி ஏதாவது நேர்ந்திருந்தால் எழுதுங்கள். சின்ன விஷயமாக இருந்தாலும் பரவாயில்லை.

கோபி அம்மணி:

நீங்கள் சொன்ன அதே நாள் ராத்திரி. நான் இங்கிலாந்தில் லீட்ஸில் நர்ஸ். வேலை முடிந்து வீடு திரும்ப 11 மணி. தெருவில் எல்லாரும் நைட்டியும் சால்வையுமாக நின்று அண்ணாந்து பார்க்கிறார்கள். வானம் முழுக்க ரோஜாப்பூ நிறம், ஓரத்தில் பச்சை. தலைக்கு நேர் மேலே எல்லாக் கோடுகளும் ஒரு புள்ளியில் கூடி, குடை விரித்த மாதிரி அசைந்துகொண்டிருந்தது.

நம் ஊரில் அப்போது மணி 3.30. அம்மா பால் கறக்க எழுந்திருப்பாள் என்று தெரியும். வீடியோவில் கூப்பிட்டேன். போனைத் தவிட்டு மூட்டை மேல் சாய்த்து வைத்துவிட்டுக் கறந்துகொண்டே பார்த்தாள். பார்த்தவள் கை நின்றுவிட்டது. "ஏஞ்சாமி, பக்கத்துல எங்கியாச்சும் தீப்புடிச்சுக்கிச்சா? நீ உள்ள போயிரு" என்றாள். தீ இல்லை அம்மா, இது சூரியனிலிருந்து வந்தது என்றேன். ராத்திரியில் ஏது சூரியன் என்று கேட்டாள். நான் சொல்லச் சொல்ல, கட்டுத்தரையை விட்டு வெளியே வந்து வடக்கே பார்த்தாள். "இங்க வெறும் நட்சத்திரந்தான் கண்ணு இருக்குது" என்றாள். அவள் குரலில் இருந்த ஏமாற்றம் இன்னும் காதில் இருக்கிறது.

இதைத் துருவ ஒளி என்பார்கள், சூரியப் புயலில் வரும் துகள்களால் உண்டாவது. பூமியின் காந்தப்புலம் அந்தத் துகள்களைத் துருவங்களின் பக்கம் திருப்பிவிடுவதால் நம் ஊர் வானத்தில் இது தெரிவதில்லை. அன்றைக்கு லடாக்கின் ஹான்லே வரைக்கும் சிவப்பு ஒளி தெரிந்தது. 2003 அக்டோபருக்குப் பிறகு, ஜி5 என்ற உச்ச நிலையைத் தொட்ட முதல் புயல் அதுதானாம்.

அளவுக்கல்:

நான் தாராபுரம் பக்கம் டிஜிபிஎஸ் (மிகத் துல்லியமான ஜிபிஎஸ் கருவி) வைத்து நிலம் அளக்கிறவன். கோபி அம்மணி சொன்னது உண்மை, நமக்கு வானத்தில் எதுவும் தெரியாது. ஆனால் நமக்கென்று தனியாக ஒரு தொல்லை இருக்கிறது, அது என் தொழிலிலேயே வந்தது.

2024 மார்ச். இரண்டு பங்காளிகளுக்கு நடுவே ஒரு வரப்பு. பெரியவர் அன்று ராத்திரியே சென்னைக்குப் பஸ் ஏற வேண்டும், அதனால் பொழுது சாய்ந்தும் விடாமல் அளந்துகொண்டிருந்தோம். 7 மணிக்கு மேல் கருவியில் 'ஃபிக்ஸ்' போய் 'ஃப்ளோட்' என்று காட்ட ஆரம்பித்தது. ஃபிக்ஸ் என்றால் ஓரிரு சென்டிமீட்டருக்குள் சரியாக இருக்கும். ஃப்ளோட் என்றால் நம்பக்கூடாது. பிடித்திருந்த செயற்கைக்கோள்கள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. சாயங்காலம் கல் மேல் சரியாக உட்கார்ந்திருந்த புள்ளி, இப்போது தம்பி நிலத்துக்குள் 60 சென்டிமீட்டர் தள்ளி நின்றது. மேலே மரம் இல்லை, மேகம் இல்லை. பெரியவர், "அதான் மெசினே காட்டுதே, கல்லை நட்டுருங்க" என்றார். எனக்கு மனது ஒப்பவில்லை. காலையில் 6.30க்குத் திரும்ப வந்தேன். சில விநாடிகளில் ஃபிக்ஸ் கிடைத்தது. புள்ளி பழைய இடத்திலேயே, கல்லின் மேலேயே இருந்தது. அன்று ராத்திரி நட்டிருந்தால் அந்த அண்ணன் தம்பிக்குள் ஆயுசுக்கும் பேச்சு இருந்திருக்காது.

காரணம் இதுதான். பூமியின் காந்தப்புலத்துக்கும் ஒரு நடுக்கோடு உண்டு, அது திருநெல்வேலிப் பக்கமாகப் போகிறது, நாம் அதற்கு மிக அருகில் இருக்கிறோம். பொழுது இறங்கியதும் அயனி மண்டலத்தின், அதாவது உயரத்தில் மின்னேறிய காற்றின், அடிப்பகுதி மெலிந்துவிடும், மேல்பகுதி கனமாகவே நிற்கும். அப்போது காய்கிற பாலில் அடியிலிருந்து குமிழி எழும்புகிற மாதிரி மெலிந்த பகுதி குமிழிகளாக மேலே ஏறும். அதன் வழியே வருகிற ஜிபிஎஸ் சமிக்ஞை, நட்சத்திரம் மினுக்குகிற மாதிரி மினுக்கும். சூரியனின் கொந்தளிப்பு உச்சத்தில் இருக்கிற வருடங்களிலும், பங்குனி சித்திரையிலும் புரட்டாசி ஐப்பசியிலும் இது அதிகம். அந்த மாதங்களில் பொழுது சாய்ந்த பிறகு நான் எல்லைக்கல் நடுவதே இல்லை. அந்த மே மாதப் புயலில் அமெரிக்காவில் மக்காச்சோள விதைப்பு நேரத்தில் ஜிபிஎஸ் பார்த்து ஓடுகிற டிராக்டர்கள் அப்படியே நின்றன. இப்போது நம் காடு தோட்டங்களிலும் டிரோன் வைத்து மருந்தடிக்கிறார்கள், அவர்களும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

உடுமலை டீச்சர்:

என்னுடையது சின்னது. 2019 டிசம்பர் 26 வளையக் கிரகணத்தைக் கோவையில் பார்த்தேன். அன்றைக்கு வாங்கிய கண்ணாடியைக் கீறல் படாமல் பீரோவில் வைத்திருந்தேன். அன்று சூரியன் துடைத்த தட்டு மாதிரி இருந்தது. சூரியனில் கரும்புள்ளிகள் ஏறக்குறைய 11 வருடத்துக்கு ஒருமுறை கூடிக் குறையும்; அப்படி 25ஆவது சுழற்சி தொடங்கியதே அந்த மாதம்தான். 2024 மே 11 காலையில் அதே கண்ணாடியில் பார்த்தால், எள்ளை ஒட்டி வைத்த மாதிரி ஒரு கறுப்புப் புள்ளி! நீங்கள் எல்லாரும் சொன்ன மே மாதப் புயல் கிளம்பிய இடம் அதுதான். குறுக்கே 15 பூமியை வரிசையாக வைக்கலாம், அவ்வளவு அகலம். தெருப் பிள்ளைகள் ஒவ்வொருவராக வாங்கிப் பார்த்தார்கள். எங்கள் வீட்டு மாடியிலிருந்து தெரிகிற அந்த மலைக்கு மேலே, கொடைக்கானலில், 1904 முதல் இந்தப் புள்ளிகளைப் படம் பிடித்துவருகிறார்கள் என்று சொன்னேன். ஒருத்தி கேட்டாள், "அதுக்கு முன்னாடி வந்த புயலை யாரு டீச்சர் பார்த்தா?" 1859 செப்டம்பரில் வந்த பெரிய புயலைப் பம்பாய் கொலாபாவில் இருந்த காந்தமானிகள் பதிவு செய்திருக்கின்றன. அப்போது அமெரிக்கத் தந்தி ஆபீசுகளில் பேட்டரியைக் கழற்றிவிட்டு, வானத்திலிருந்து வந்த மின்சாரத்திலேயே செய்தி அனுப்பினார்கள். இதையெல்லாம் சொன்னபோது அந்தப் பிள்ளையின் கண் விரிந்ததைப் பார்த்திருக்க வேண்டும்.

ஓய்வு ஆப்பரேட்டர்:

துணைமின் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். டிரான்ஸ்பார்மரின் உறுமல் கொஞ்சம் மாறினாலும் தூக்கத்திலிருந்து எழுந்துவிடுவேன். என் காலத்தில் சூரியப் புயலால் ஒரு டிரான்ஸ்பார்மரும் போகவில்லை. ஆனால் பயிற்சியில் கியூபெக் கதையைச் சொன்னபோது உடம்பு சில்லிட்டது. 1989 மார்ச் 13, கனடா. ஒன்றரை நிமிடத்துக்குள் மாகாணம் முழுக்க இருட்டு, 60 லட்சம் பேருக்கு 9 மணி நேரம் மின்சாரம் இல்லை.

பூமியின் காந்தப்புலம் ஆட்டம் காணும்போது நிலத்தில் மெதுவான மின்னோட்டம் பிறக்கும். அடியில் கெட்டிப் பாறையாக இருந்தால் அது நிலத்துக்குள் ஓட இடம் கிடைக்காமல், டிரான்ஸ்பார்மரின் எர்த் வழியாக ஏறி நீண்ட கம்பிகளைப் பிடித்துக்கொள்ளும். ஏசிக்குச் செய்த கருவிக்குள் டிசி மாதிரி ஒன்று நுழைந்தால் உள்ளே இருக்கிற இரும்புக் கோர் காந்தத்தில் திகட்டிப்போகும்; உறுமும், சூடேறும். துருவத்துக்கு அருகே இருக்கிற நாடுகளுக்குத்தான் இந்தப் பயம் பெரிது, நமக்குக் குறைவு. ஆனால் 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்-சோலாப்பூர் லைன் வழியாகத் தென்னக மின்தொகுப்பு நாட்டின் மற்ற தொகுப்போடு ஒன்றாகிவிட்டது. இன்று எங்கோ விழுகிற அடி இங்கேயும் உணரப்படும். பெரிய டிரான்ஸ்பார்மர் கடையில் வாங்கும் சாமான் இல்லை, புதிதாகச் செய்து வர மாதக்கணக்கில் ஆகும். அதனால்தான் இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்கிறேன்.

பவானிக்கரை ரேடியோ:

எல்லாருக்கும் நன்றிங்க. இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன், இது என்னைப் பல நாள் வருத்தியது. "இன்று இரவு 12.30 முதல் 3.30 வரை காஸ்மிக் கதிர் வருகிறது, போனை அணைத்துத் தள்ளி வையுங்கள்" என்று வாட்ஸ்அப்பில் வருமே, அதை நம்பி அந்தியூரில் இருக்கிற என் அத்தை ஒரு ராத்திரி போனை அணைத்துவிட்டார். தனியாக இருக்கிறவர். துபாயில் இருக்கிற மகன் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பதறி, எனக்குப் போன் செய்தான். நடுராத்திரி 2 மணிக்கு பைக்கில் போய்க் கதவைத் தட்டினேன். அத்தை நடுங்கியபடி திறந்தார். "மாப்ளை, கதிர் வர்ற நேரத்துல வெளிய வந்திருக்கறீங்களே" என்று அழுதார்.

சூரியப் புயலின் கதிர் தரையில் நிற்கிற நம் உடம்பைத் தொடாது. தலைக்கு மேல் இருக்கிற காற்று அதைத் தடுத்துவிடும். போனை அணைக்கவும் தேவையில்லை. அணைத்ததால் அன்று நேர்ந்ததுதான் ஆபத்து.

அதற்குப் பிறகு வீட்டில் சிலவற்றை மாற்றினேன். உறவுக்காரர்கள், ஆம்புலன்ஸ், பால்காரர் என்று 12 எண்களை ஸ்கெட்ச் பேனாவில் எழுதிச் சமையலறைக் கதவின் பின்னால் ஒட்டியிருக்கிறேன். யுபிஐ நின்றால் ஒரு வாரம் ஓட்ட, பத்தும் ஐம்பதுமாகச் சில்லறைப் பணம் அரிசிப் பானைக்குள் இருக்கிறது. அம்மாவின் மாத்திரை எப்போதும் 15 நாளுக்குக் கூடுதலாக இருக்கும். புயலோ மழையோ, மின்சாரம் போனால் தேவைப்படுகிறவை இவைதான்.

வெடிப்புக்குத்தான் முன்னறிவிப்பு கிடையாது. அதைத் தொடர்ந்து கிளம்புகிற துகள் மேகம் வந்து சேர ஒன்றிலிருந்து மூன்று நாள் ஆகும், மிக வேகமானதற்கே ஏறக்குறைய 15 மணி நேரம். பூமியிலிருந்து சூரியன் பக்கமாக 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி 2024 ஜனவரி 6 முதல், சூரியனைக் கவனிக்கிற நம் விண்கலம் ஆதித்யா எல்1 காவல் நிற்கிறது. அந்த இடத்தில் மேகம் கடந்த பிறகு நமக்குக் கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் கிடைக்கும். எங்கள் போர்வெல் மோட்டார் மேல்தொட்டியை நிரப்ப 40 நிமிடம் எடுக்கிறது, வாட்ச் வைத்துப் பார்த்துவிட்டேன். அதனால் அந்தக் கொஞ்ச நேரத்தை நம்பாமல், புயல் வரலாம் என்று முதல் நாள் அறிவிப்பு வந்ததுமே தொட்டியை நிரப்பிவிடுகிறோம்.