தருமபுரி கிராமத்தில் ஃப்ளோரைடு நீக்க, அனுபவம் உள்ளவர்கள் உதவுங்கள்

வணக்கம். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் நண்பர்கள் சிலர் சேர்ந்து தருமபுரி பக்கம் ஒரு கிராமத்தில் குடிநீர் நிலையம் வைக்கப் பார்க்கிறோம், இலவசமாக இல்லை, குடத்துக்குச் சிறு தொகை வாங்கி அதிலேயே பராமரிப்பும் ஆள் சம்பளமும் ஓட வேண்டும். இங்குள்ள வாட்டர்ரோம் மாதிரி சமூக நிறுவனங்களின் கைப்பம்பு ஃபில்டரைப் பார்த்து வந்த ஆசைதான். ஆனால் அந்த வகைச் சவ்வு கிருமியையும் கலங்கலையும்தான் நிறுத்தும், அங்கே போர் தண்ணீரில் கரைந்திருக்கும் ஃப்ளோரைடு தாராளமாக உள்ளே வந்துவிடும். உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம், அதைத் தாண்டிய தண்ணீரை வருடக்கணக்கில் குடித்தால் பல்லில் கறை விழும், அப்புறம் எலும்பும் பாதிக்கும்.

2013இல் தொடங்கிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் இந்த ஊருக்கும் வருகிறது, போதவில்லை என்கிறார்கள்.

ஆர்ஓ போட்டால் கழிவுநீர் அதிகம். படிகாரமும் சுண்ணாம்பும் கலக்கும் நல்கொண்டா முறை மலிவு, ஆனால் தினமும் யார் அளந்து போடுவது? அதனால் ஃப்ளோரைடைத் தன்மேல் பிடித்து வைத்துக்கொள்ளும் ஆக்டிவேட்டட் அலுமினா என்ற வடிகட்டிப் பொருளை யோசிக்கிறோம். ஊரில் அதை நடத்தியவர்கள் இருக்கிறீர்களா? எத்தனை மாதத்துக்கு ஒருமுறை காஸ்டிக் சோடா விட்டுக் கழுவினீர்கள், அந்தக் கழிவை என்ன செய்தீர்கள், குடத்துக்கு என்ன விலை வைத்தீர்கள்? நன்கொடை கேட்கவில்லை, அனுபவம்தான் வேண்டும். கீழே எழுதுங்கள், இல்லை தனிச்செய்தி அனுப்பினாலும் சரி.