கோத்தகிரியில் நிரந்தரமாகக் குடியேறலாமா?

கோவைவாசி (கேள்வி):

வணக்கம். நான் அடுத்த ஆண்டு பணி ஓய்வு பெறுகிறேன். கோவையின் நெரிசல் போதும், மலையில் ஏதாவது ஒரு சிறிய ஊரில் மிச்சக் காலத்தைக் கழிப்போம் என்று நானும் என் மனைவியும் முடிவு செய்திருக்கிறோம். ஊட்டியின் விலைவாசி எங்களுக்கு எட்டாது. குன்னூர் பிடித்திருந்தது, ஆனால் எங்கள் வசதிக்குள் வந்த வீடுகள் எல்லாம் செங்குத்தான சரிவுகளில் இருந்தன. கோத்தகிரிதான் ஊரும் அளவாக, குளிரும் அளவாக இருப்பதாகப் படுகிறது.

என் தாயாரும் எங்களுடன் வருகிறார். வயது 78, மூட்டுவலியும் இளைப்பும் உண்டு. மனைவி வீட்டிலிருந்தபடியே கணினியில் கணக்கு எழுதும் வேலை பார்க்கிறார் என்பதால் மின்சாரமும் இணையமும் ஓரளவு ஒழுங்காகக் கிடைக்க வேண்டும். விடுமுறைக்கு வந்து போகிறவர்கள் சொல்வதை நிறையக் கேட்டாகிவிட்டது. அங்கேயே ஆண்டு முழுவதும் வாழ்கிறவர்கள் நல்லது, கெட்டது இரண்டையும் சொன்னால் உதவியாக இருக்கும். கரடி, காட்டெருமை என்றெல்லாம் செய்திகளில் வருவது மிகையா, உண்மையா என்பதையும் சொல்லுங்கள்.

அரவேனு (பதில்):

ஐயா, நான் பிறந்து வளர்ந்தது இங்கேதான். ஆகவே என் பேச்சில் கொஞ்சம் ஊர்ப்பற்று கலந்திருக்கும், அதைக் கழித்துவிட்டு வாசியுங்கள்.

முதலில் காலநிலை. கோத்தகிரி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேற்கே 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டாத் தொடர் நின்று தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதியைத் தடுத்துவிடுவதால், ஜூன், ஜூலையில் கூடலூர் பக்கம் விடாமல் கொட்டிக்கொண்டிருக்கும்போது இங்கே சாரலும் காற்றுமாகவே போய்விடும். எங்களுக்கு உண்மையான மழைக்காலம் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரைதான். ஊட்டியின் காந்தல், தலைக்குந்தாப் பகுதிகளைப் போல இங்கே உறைபனி கடுமையாக விழுவதில்லை. சுற்றுலா வருகிறவர்கள் ஏப்ரல், மே மாதத்துக் கோத்தகிரியைப் பார்த்துவிட்டு மயங்குகிறார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது நவம்பர் மாதத்துக் கோத்தகிரியை. காலை பத்து மணிக்கும் எதிர்வீடு தெரியாத மூடுபனி இருக்கும். துவைத்த துணி நாட்கணக்கில் கொடியில் கிடந்தும் ஈரம் போகாது. அலமாரிக்குள் இருக்கும் தோல் செருப்பிலும் பட்டுப்புடவை மடிப்பிலும் பூஞ்சணம் படியும். இளைப்பு உள்ளவர்களுக்குப் பூஞ்சணமும் ஈரக்காற்றும் ஆகாது என்பதால், உங்கள் தாயாருக்குச் சிகிச்சை தரும் மருத்துவரிடம் இதைச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள். வெயில் படும் கிழக்குப் பார்த்த வீடாக அமைந்தால் பாதித் தொல்லை குறையும்.

மருத்துவ வசதி இங்கே ஓரளவுக்குத்தான். காய்ச்சல், சிறு காயம், இரத்தப் பரிசோதனை போன்றவற்றை ஊரிலேயே உள்ள அரசு மருத்துவமனையிலும் தனியார் மருத்துவர்களிடமும் பார்த்துக்கொள்ளலாம். அதற்கு மேல் என்றால் சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஊட்டிக்குப் போக வேண்டும். 2022-இல் அங்கே அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டு, 2025-இல் 700 படுக்கைகளுடன் புதிய மருத்துவமனைக் கட்டடமும் திறக்கப்பட்ட பிறகு நிலைமை முன்பை விட எவ்வளவோ மேல். ஆனாலும் இதயச் சிகிச்சை என்றால் இன்னமும் பலர் கோவைக்குத்தான் இறங்குகிறார்கள். மேட்டுப்பாளையம் வரை 33 கிலோமீட்டர் மலைப்பாதை, அதன் பிறகு கோவை நகருக்குள் போய்ச் சேரும் நெரிசல். இரண்டையும் கூட்டினால் பகலில் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. மழைக்காலத்தில் மரம் விழுந்தாலோ மண் சரிந்தாலோ குன்னூர் வழியாகச் சுற்ற வேண்டும்.

விலங்குகளைப் பற்றி வருவது மிகையல்ல. மேட்டுப்பாளையம் பாதையில் உள்ள குஞ்சப்பனைப் பக்கம் பலா பழுக்கும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சமவெளியிலிருந்து யானைகள் ஏறி வரும்; அந்தி சாய்ந்த பிறகு அந்தப் பாதையில் இருசக்கர வண்டியில் வருவதை நாங்கள் தவிர்த்துவிடுவோம். கரடிக்கு எண்ணெய் என்றால் உயிர். கோயில் கதவை உடைத்து விளக்கில் இருக்கும் எண்ணெயைக் குடித்துவிட்டுப் போகும். பேக்கரி, ரேஷன் கடை, சத்துணவுக் கூடம் எதையும் விடாது. காட்டெருமை தேயிலைத் தோட்டத்தில் மேய்வது எங்களுக்கு அன்றாடக் காட்சி. அது தானாக வம்புக்கு வராது, ஆனால் மூடுபனியில் தெரியாமல் பக்கத்தில் போய்விட்டால் ஆபத்துதான். சமையல் கழிவை வீட்டு வாசலில் வைக்காமல் இருப்பது, இரவில் கைவிளக்கு இல்லாமல் வெளியே இறங்காமல் இருப்பது, இந்த இரண்டும் பழகிவிட்டால் போதும்.

திரும்பிவந்தோர் (பதில்):

மேலே எழுதியவர் சொன்னது அனைத்தும் சரி. ஆனால் நாங்கள் கோத்தகிரியில் சில ஆண்டுகள் வாழ்ந்துவிட்டு மறுபடி கீழே வந்ததற்குக் குளிரோ கரடியோ காரணமில்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

அங்கே சிறு வேலைக்கு ஆள் கிடைப்பது அரிது. தண்ணீர்க் குழாய் கசிந்தால், கீசர் பழுதானால், இரண்டு நாளில் வருகிறேன் என்று சொல்பவர் பத்து நாள் கழித்து வருவார். அவர் மேல் குற்றமில்லை. ஊரில் அந்த வேலை தெரிந்தவர்கள் சிலர்தான், சீசன் வந்துவிட்டால் தங்கும் விடுதிகள் அவர்களை முழுதாக எடுத்துக்கொள்ளும். மின்சாரம் காற்று மழைக்குப் போனால், சாய்ந்த மரத்தை அகற்றிக் கம்பியை இழுத்துக் கட்டும் வரை காத்திருக்க வேண்டியதுதான். உங்கள் மனைவியின் வேலைக்கு இன்வெர்ட்டர் கட்டாயம். இணைய வசதியை ஊரைப் பொறுத்து முடிவு செய்யாமல் வீட்டைப் பொறுத்து முடிவு செய்யுங்கள், ஏனென்றால் ஒரு வளைவு தாண்டினால் கைப்பேசி அலைவரிசை மாறிவிடும். முன்பணம் கொடுப்பதற்கு முன் அந்த வீட்டின் சமையலறையில் நின்று ஒரு காணொளி அழைப்பு பேசிப் பார்ப்பது நல்லது.

இன்னொன்று, மாலை நேரம். ஏழு, ஏழரைக்கெல்லாம் கடைகள் அடைபட்டுவிடும். பனி இறங்கிய பிறகு யாரும் யார் வீட்டுக்கும் போவதில்லை. என் கணவருக்குப் புத்தகமும் தோட்டமும் போதுமானதாக இருந்தன. எனக்குப் போதவில்லை. கச்சேரி, நூலகம், அக்காள் வீடு என்று நினைத்த நேரத்தில் பேருந்து ஏறிப் பழகியவளுக்கு அது ஒரு பெரிய இழப்பு. இருவரும் சேர்ந்து முடிவு செய்கிறோம் என்று எழுதியிருக்கிறீர்கள், நல்லது. ஆனால் மனைவியை மட்டும் தனியாக உட்கார வைத்து இன்னொரு முறை கேளுங்கள்.

அதே சமயம், அண்டை அயலாரைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. நாங்கள் இருந்தது ஹட்டி எனப்படும் படுகர் ஊர் ஒன்றின் ஓரத்தில். ஒரு வீட்டில் இழவு என்றால் ஊரே வேலையை விட்டுவிட்டு வந்து நிற்பதை அங்கேதான் பார்த்தேன். பேரகணியில் ஹெத்தையம்மன் பண்டிகை நடக்கும் நாட்களில் வெள்ளை உடையில் சாரி சாரியாக மக்கள் நடந்து போவார்கள். எங்களையும் அழைத்துப் போய்ச் சாப்பிட வைத்தார்கள். ஆனால் விருந்தாளியாக மதிக்கப்படுவது வேறு, ஊராளாக ஆவது வேறு. அதற்கு ஒரு தலைமுறையாவது பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

டேன்டீ_பேரன் (பதில்):

ஓய்வூதியத்துடன் வருகிறவருக்கு இந்த ஊர் ஒரு மாதிரி, இங்கே சம்பாதித்தாக வேண்டியவருக்கு வேறு மாதிரி. இரண்டாவது கதையையும் ஒருவர் சொல்ல வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

1964-ஆம் ஆண்டு சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின் பேரில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து நீலகிரிக்கு வந்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. அப்படி வந்தவர்களுக்கு வேலை தருவதற்காகத்தான் 1968-இல் அரசு தேயிலைத் தோட்டத் திட்டம் தொடங்கப்பட்டு, பின்னாளில் அது டேன்டீ நிறுவனமாயிற்று. தாத்தா கொழுந்து பறித்தார், அப்பாவும் பறித்தார், நான் பள்ளியில் பாடம் நடத்துகிறேன். என்னோடு படித்தவர்களில் பெரும்பாலானோர் இன்று திருப்பூரிலோ கோவையிலோ இருக்கிறார்கள். இங்கே தேயிலையை விட்டால் காய்கறி, அதை விட்டால் சுற்றுலா. நான்காவது என்று ஒன்றைச் சொல்வது கடினம். சொந்தமாக ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் சிறு விவசாயியும் பச்சைத் தேயிலைக்குக் கட்டுப்படியாகும் விலை கேட்டுப் பல ஆண்டுகளாகப் போராடிக்கொண்டுதான் இருக்கிறார். அந்தத் தோட்டங்கள் ஒவ்வொன்றாக விலைக்கு வருவதும், அங்கே வார இறுதி பங்களாக்கள் எழுவதும் இதன் தொடர்ச்சிதான். உங்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை, ஐயா; நீங்கள் வாங்கப்போகும் மனை எப்படி விற்பனைக்கு வந்தது என்பதை அறிந்து வாங்குவது நல்லது என்பதற்காகத்தான்.

அன்றாடச் செலவு குறையும் என்று எண்ண வேண்டாம். இங்கே விளையும் கேரட்டும் முட்டைகோசும் பெரும்பாலும் மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போய் ஏலம் ஆகின்றன என்பதால், கடையில் வாங்கினால் உள்ளூர்க் காய் என்று விலை சல்லிசாகக் கிடைக்காது. உழவர் சந்தைக்குக் காலையிலேயே போனால் பரவாயில்லை. அரிசி, பருப்பு, சிமெண்டு எல்லாவற்றுக்கும் மலையேறும் லாரிக் கூலி சேர்ந்துவிடும். குடிநீர் கோடையில் முறை வைத்துத்தான் வரும், ஆகவே பெரிய தொட்டி உள்ள வீடாகப் பாருங்கள்.

சீசன் நெரிசலையும் சொல்லிவிடுகிறேன். கோடையில் சுற்றுலா வண்டிகள் குன்னூர் வழியாக ஏறிக் கோத்தகிரி வழியாக இறங்க வேண்டும் என்று ஒருவழிப் பாதை அறிவிப்பது வழக்கம். ஊட்டியைப் பார்த்துவிட்டுத் திரும்பும் கூட்டம் முழுவதும் எங்கள் கடைவீதியைத் தாண்டித்தான் போகும் என்பதால், மே மாத ஞாயிற்றுக்கிழமை மாலையில் பள்ளிக்கு எதிரே உள்ள மருந்துக்கடைக்குச் சாலையைக் கடந்து போவதே ஒரு வேலை. உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகள் நீலகிரிக்குள் வர இ-பாஸ் நடைமுறை வந்தது. 2025 கோடையில் வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று வரம்பும் வைத்தார்கள். டிஎன் 43 என்ற நீலகிரிப் பதிவெண் இருந்தால் இ-பாஸ் தேவையில்லை. கோவைப் பதிவெண் வண்டியோடு குடியேறினால் அதை மாற்றிக்கொள்வதை முதல் வேலையாக வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டடக்காரர் (பதில்):

நிலம் வாங்குவது பற்றி மட்டும் சொல்கிறேன்.

நீலகிரியில் சமவெளி விதிகள் செல்லாது. 1990-இல் அமைக்கப்பட்ட மலையிடப் பாதுகாப்புக் குழுவின், அதாவது எல்லோரும் 'ஹாகா' என்று சொல்லும் குழுவின் அனுமதி பல கிராமங்களில் தேவைப்படும். கட்டடத்தின் உயரத்துக்கும் 7 மீட்டர் என்று வரம்பு உண்டு. ஆழ்துளைக் கிணறு தோண்டத் தடை இருக்கிறது. மண் அள்ளும் இயந்திரத்தை அனுமதியின்றி இறக்கினால் வண்டியைப் பறிமுதல் செய்துவிடுவார்கள். 'அனுமதி எல்லாம் பிறகு வாங்கிக்கொள்ளலாம்' என்று தரகர் சொல்லும் மனையைத் தொடவே வேண்டாம்.

மண்ணையும் பார்க்க வேண்டும். 2009 நவம்பரில் பெய்த பெருமழையில் கேத்தியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. மாவட்டம் முழுவதும் ஏற்பட்ட மண்சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பழைய நீரோடைகளை மறித்தும், சரிவை நேர்க்குத்தாக வெட்டியும் கட்டிய இடங்கள்தான் இத்தகைய மழைக்கு எளிதில் ஆளாகின்றன. மனைக்கு மேலே உள்ள சரிவில் மரங்கள் சாய்ந்து வளர்ந்திருக்கின்றனவா, தடுப்புச்சுவர் நடுவே புடைத்திருக்கிறதா, அந்தச் சுவரில் தண்ணீர் வெளியேறும் துளைகள் இருக்கின்றனவா, மேல்வீட்டுக் கழிவுநீர் எந்தப் பக்கம் இறங்குகிறது என்பவற்றைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். வெயில் காலத்தில் எல்லா மனையும் நன்றாகத்தான் இருக்கும். என்னைக் கேட்டால், ஒரு மழைக்காலம் முழுவதையும் வாடகை வீட்டில் கழிக்காமல் யாரும் இங்கே நிலம் வாங்கக் கூடாது.

கோவைவாசி:

அனைவருக்கும் நன்றி. வாடகைக்கு இருந்து பார்ப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். மனைவியைத் தனியாகக் கேட்டேன். மாதம் ஒரு முறையாவது கோவைக்கு வந்து போகலாம் என்றால் சம்மதம் என்கிறார். தாயாரை நினைத்துத்தான் தயக்கம். தரகர் காட்டிய வீடு மிக அழகாக இருக்கிறது, தேயிலைத் தோட்டத்தைப் பார்த்தபடி முன்கூடம், ஆனால் சாலையிலிருந்து நாற்பது படி இறங்க வேண்டும். அது பழகிவிடும் என்கிறார் தரகர். உண்மையா?

அரவேனு:

உங்களுக்குப் பழகும், ஐயா. உங்கள் தாயாருக்குப் பழகாது. இந்த மலையில் பாதி வீடுகள் சாலைக்கு மேலேயோ கீழேயோதான் இருக்கின்றன. 108 வண்டி சாலையோடு நின்றுவிடும். அதன் பிறகு நோயாளியை நாற்காலியில் உட்கார வைத்து, முன்னால் இருவர் பின்னால் இருவராகத் தூக்கிக்கொண்டுதான் ஏற வேண்டும். மழையில் பாசி பிடித்த படியில் அப்படி ஏறுவதை நாங்கள் பலமுறை செய்திருக்கிறோம். புதிதாக வந்த உங்களுக்கு அந்த நால்வரை இரவு இரண்டு மணிக்கு எங்கிருந்து கூப்பிடுவது என்றுகூடத் தெரிந்திருக்காது.

காட்சி கொஞ்சம் குறைந்தாலும் வாசலில் வண்டி வந்து நிற்கும் வீடாகப் பாருங்கள். மருத்துவமனைக்குப் பக்கத்திலோ, குன்னூர் சாலையை ஒட்டியோ கிடைத்தால் பேருந்துக்கும் வசதி. அக்டோபர் தொடக்கத்திலேயே வந்துவிடுங்கள், மழை முழுவதையும் பார்த்துவிடலாம். வரும்போது தாயாரின் மருந்துகளை ஒரு மாதத்துக்கு முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்; பாதை அடைபட்டால் மருந்துக்கடைக்குச் சரக்கு வருவதும் தாமதமாகும்.