எஸ்டேட் நிலத்தில் புதைமேடுகள்: முயல், ஓக் மரம், கலப்பை – எதை முதலில் கவனிப்பது?

கேள்வி – நிலமேலாளர்
இங்கிலாந்தின் சஃபோக்கில் பழைய மாளிகை எஸ்டேட் ஒன்று. மேய்ச்சல் நிலத்தில் இரண்டு வெண்கலக் காலப் புதைமேடுகள். ஒன்று 1979 தொல்லியல் நினைவுச்சின்னச் சட்டப்படி பாதுகாப்புப் பட்டியலில் உள்ள நினைவுச்சின்னம், மற்றது பட்டியலில் இல்லை. பட்டியலில் உள்ளதன் உச்சியில் வயதான ஓக், தென்சரிவு முழுக்க முயல் வளை. பக்கத்து உழவு வயலில் மூன்றாவது மேடு, முழங்கால் உயரம்கூட மிச்சமில்லை. ஓக்கை வேரோடு பிடுங்கி, வளைகளை ஜேசிபி வைத்து மூடி, சுற்றிக் கம்பி வேலி போடலாம் என்கிறார் ஒப்பந்தக்காரர். செய்யலாமா?

பதில் 1 – மண்ணடுக்கு
மூன்றுமே கூடாது. பட்டியலிட்ட மேட்டில் மரத்தைப் பிடுங்குவது, மண் கொட்டுவது, வேலிக்கம்புக்குக் குழி போடுவது எல்லாவற்றுக்கும் முன் அனுமதி வேண்டும். விண்ணப்பம் பழஞ்சின்னங்களைக் கவனிக்கும் அரசு அமைப்பான ஹிஸ்டாரிக் இங்கிலாந்து வழியாகப் போகும், கட்டணம் கிடையாது. அனுமதியில்லாமல் செய்தால் குற்ற வழக்கு. முதலில் அந்த அமைப்பின் பகுதி ஆய்வாளருக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள்.

வளைகளை மூடும் முறை இது. முதலில் முயலை ஒழிக்க வேண்டும்: ஃபெரட் (வளைக்குள் விட்டு முயலை விரட்டும், கீரி போன்ற வளர்ப்பு விலங்கு), வலை, துப்பாக்கி எதுவானாலும் சரி, தோண்டிப் பிடிப்பது மட்டும் வேண்டாம். பிறகு வளைவாயின் விளிம்பை வெட்டிச் சீராக்காமல் அப்படியே ஜியோடெக்ஸ்டைல் துணி (மண்ணுக்குள் போடும் செயற்கை இழைத் துணி) விரியுங்கள். பின்னாளில் அகழ்பவருக்கு, துணிக்கு மேலே இருப்பது நம் காலத்து மண் என்று அதைப் பார்த்தாலே தெரிந்துவிடும். வெளியிலிருந்து கொண்டுவந்த சுத்தமான மண்ணைக் கையால் நிரப்பி இடியுங்கள். படியும் என்பதால் தரைமட்டத்துக்குச் சற்று மேலேயே நிற்கட்டும். பக்கத்து வயலில் சுரண்டிய மண் ஆகாது, அதில் வேறொரு காலத்து ஓடுகள் கலந்திருக்கும். மேலே புல்பத்தைகளை மரமுளை அடித்துப் பதித்து, அதன்மேல் முயல் மறுபடி தோண்டாதபடி துத்தநாகம் பூசிய கம்பிவலையைப் பரப்புங்கள். புல் அதனூடே வளர்ந்து மூடிவிடும். வேர் பிடிக்கும்வரை ஆடுமாடு ஏறாதபடி, குழி தேவைப்படாத தட்டித்தடுப்பு போதும்.

துளை அகலமாக, வாயில் மண் பெருங்குவியலாகக் கிடந்தால் கை வைக்காதீர்கள். அது பேட்ஜராக (வளை தோண்டி வாழும், சட்டப் பாதுகாப்புள்ள காட்டு விலங்கு) இருக்கலாம். 1992 பேட்ஜர் பாதுகாப்புச் சட்டப்படி உரிமம் இல்லாமல் அதன் வளையைத் தொடக்கூடாது.

பதில் 2 – வேர்க்காரன்
ஓக்கைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அடியோடு வெட்டச் சொல்லி யாராவது இங்கே வருவார்கள். அவசரப்பட வேண்டாம். உயிருள்ள மரம் மேட்டுக்கு உடனடி எதிரி அல்ல. காற்றில் சாயும்போதுதான் ஆபத்து: வேர்த்தட்டு பெயரும், அதோடு மேட்டின் நடுவில் இருக்கும் அடக்கமும் பெயர்ந்து வரும். 1987 அக்டோபர் புயலுக்குப் பிறகு தென்கிழக்கு இங்கிலாந்தில் சாய்ந்த மரங்களுக்குக் கணக்கே இல்லை. அதனால் மரத்தின் மேல்கிளைப் பாரத்தைச் சில வருடங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். காற்றுக்குப் பிடி இல்லாமல் போகும், மரமும் பிழைக்கும். பொந்து இருந்தால் வௌவால் இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

வெட்டியே தீர வேண்டும் என்றால் தரையொட்டி வெட்டி, அடிக்கட்டையை அங்கேயே மக்க விடுங்கள். கட்டையை அரைக்கும் இயந்திரம் மேட்டில் ஏறக்கூடாது. துண்டுகளை இழுக்காமல் தூக்கி எடுங்கள், அதுவும் தரை காய்ந்தோ உறைந்தோ இருக்கும்போது.

பதில் 3 – சால்
எல்லாரும் பட்டியலில் இருக்கும் மேட்டையே பார்க்கிறீர்கள். உண்மையில் செத்துக்கொண்டிருப்பது உழவு வயலில் இருப்பதுதான். ‘எப்போதும் ஒரே ஆழம்தான் உழுகிறோம்’ என்பார்கள். கலப்பையின் ஆழம் மாறவில்லை, சரி. ஆனால் மேட்டு மண் வருடாவருடம் சரிவில் இறங்குகிறது, உச்சி தாழ்கிறது. அதே ஆழத்துக்கு இறங்கும் கொழு ஒவ்வொரு வருடமும் புது அடுக்கை வெட்டுகிறது. உழுத மறுநாள் போய்ப் பாருங்கள்: மேட்டின் மேல் மட்டும் வேறு நிற மண் கீற்றுக் கீற்றாகத் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம்.

நல்ல தீர்வு அந்த இடத்தைப் புல்லாக விடுவது. விவசாயிகளுக்கான அரசு மானியத் திட்டமான கண்ட்ரிசைட் ஸ்டூவர்ட்ஷிப்பில் எச்எஸ்2 என்ற பிரிவு அதற்காக இருந்தது. முடியாவிட்டால் அதே திட்டத்தின் எச்எஸ்3 பிரிவு சொன்ன வழி: மண்ணைப் புரட்டாமல், 10 செ.மீ.க்குள் மட்டும் கிளறுவது. அடிமண்ணை ஆழமாகக் கிழிக்கும் சப்சாயிலர் கருவி அறவே கூடாது.

சஃபோக் மணல் என்றால் கூடுதல் கவனம். சஃபோக்கில் புகழ்பெற்ற ஆங்கிலோ-சாக்சன் புதைமேடுகள் உள்ள சட்டன் ஹூவும் ஒரு எஸ்டேட் நிலம்தான். அங்கே அமில மணலில் எலும்பு கரைந்து, உடல்கள் மணலில் கறையாகத்தான் கிடைத்தன. அப்படிப்பட்ட கறையில் ஒரு முயல் வளை போனால் மிச்சம் எதுவும் இருக்காது.

நிலமேலாளர்
நன்றி. பட்டியலில் இல்லாத மேடு நீளவாக்கில், தாழ்வாக இருக்கிறது. அதிலும் வளைகள். அதற்கும் இதே முறையா?

பதில் 1 – மண்ணடுக்கு
நீளமாகவா? அப்படியானால் அது புதைமேடாகவே இல்லாமல் போகலாம். இடைக்காலத்தில் முயல் வளர்க்கவென்றே இப்படி மேடு கட்டினார்கள், அதுவும் தொல்லியல் சின்னம்தான்! மாவட்ட வரலாற்றுச் சூழல் பதிவேட்டில் கேட்டுப் பார்க்காமல் மண் போடாதீர்கள். மாட்டுத் தீவனத்தொட்டியும் உப்புக்கட்டியும் மேட்டருகே இருந்தால் இன்றைக்கே தள்ளி வையுங்கள். அதற்கு யார் அனுமதியும் வேண்டாம்.