தேரி மணல், பொருக்கு வெடித்த கண்மாய், கறுப்புக் கடற்கரை: இயற்கை தரையில் போடும் கோலங்களைப் படமெடுத்த அனுபவங்கள்

உடன்குடிப் பக்கத்திலிருந்து:

தேரிக்காட்டுச் செம்மணல் மேடுகளில் காற்று போடும் மணல் வரிகளைப் படமெடுக்க வருகிறவர்கள் பெரும்பாலும் விடியற்காலையில் வருகிறார்கள். ஆனி, ஆடி மாதங்களில் மாலைதான் சரியான நேரம். காரணம் மணலிலேயே இருக்கிறது. அப்போது காற்று மேற்கிலிருந்து அடிக்கும். காற்று வரும் பக்கம் ஒவ்வொரு வரியும் 10 பாகைக்குள் மெல்ல ஏறும். மறுபக்கம், அதாவது கிழக்கே, 20 முதல் 30 பாகை வரை சட்டென்று சரியும். காலை வெயில் அந்தச் சரிவுக்கு நேராக விழுவதால் அங்கே நிழலே இராது. மேற்குச் சரிவில் விழும் மெல்லிய நிழலும் சூரியன் 10 பாகை ஏறியதும் மறைந்துவிடும். முக்கால் மணி நேரம்கூட முழுதாகக் கிடைக்காது. மாலையில் வெயில் மேற்கே இறங்க இறங்க, கிழக்குச் சரிவு முழுக்க இருட்டிக்கொண்டு வரும். ஐந்து மணிக்கெல்லாம் மைக்கோடு போட்டதுபோல் வரிகள் தெரியும். அதிலிருந்து பொழுது அடையும் வரை வேலை செய்யலாம்.

வரிகள் நெடுக ஒரே சீராக ஓடாது. இரண்டு வரி சேர்ந்து ஒன்றாகும் இடங்கள், கவட்டைக்கம்பு போல, அங்கங்கே இருக்கும். அந்தக் கவட்டையைத் தேடிப் பிடியுங்கள். வெறும் இணைகோடுகளில் கண் வழுக்கிப் போய்விடும். ஒரு கவட்டை இருந்தால் நிற்கும். அதை நடுவில் வைக்காமல் மூன்றில் ஒரு பங்கு தள்ளி வைத்து, வரிகள் மூலைக்கு மூலை ஓடும்படி திருப்புங்கள். வானமும் பனையும் உள்ளே வந்தால் அது நிலக்காட்சி ஆகிவிடும். பக்கத்து மேட்டில் ஏறி 70-200 லென்ஸில் எதிர்ச்சரிவை மட்டும் வெட்டி எடுப்பது நல்லது. மணலில் காலும் படாது.

நிறத்தில் இரண்டு தப்பு நடக்கும். கேமரா தானாகவே நிறத்தைச் சரிசெய்யும் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் அந்தச் சிவப்பைத் தணித்து மண் நிறமாக்கிவிடும். ஒயிட் பேலன்ஸை 5200 கெல்வினில் பூட்டிவிடுங்கள். இன்னொன்று, ஒளி அளவைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராம் மொத்தத்தில் சரியாக இருக்கும்போதே சிவப்பு மட்டும் வலது ஓரத்தில் முட்டியிருக்கும். முட்டினால் வரிகளின் மேடு பள்ளம் போய், பூசிய சாயம் மாதிரி ஆகிவிடும். மூன்று நிறத்தையும் தனித்தனியே காட்டும் ஹிஸ்டோகிராமைப் பார்த்து, ஒளியை முக்கால் ஸ்டாப் வரை குறையுங்கள் (ஒரு ஸ்டாப் குறைத்தால் ஒளி பாதியாகும்). காற்று வீசும்போது லென்ஸ் மாற்றவே வேண்டாம்.

பரமக்குடிப் பக்கத்திலிருந்து:

கண்மாய்ப் பொருக்குக்கு, அதாவது காய்ந்து ஓடு ஓடாக வெடித்த சேற்றுக்கு, தேரியின் வெயில் கணக்கு அப்படியே பொருந்தாது. வெடிப்பு ஆழமாக இருப்பதால் அது எப்போதும் கறுப்புதான். மேகமூட்டத்திலும் கோடு தெளிவாக வரும். தாழ்ந்த வெயில் தேவைப்படுவது ஓடுகளின் ஓரம் சுருண்டு நிற்கும்போது. மேல்மண் முதலில் காய்ந்து சுருங்குவதால் ஓரம் கிண்ணம்போல் எழும்பும். அந்த விளிம்பில் ஒளி பிடித்தால்தான் அழகு.

எடுக்குமுன் வெடிப்புகள் சந்திக்கும் இடத்தைப் பாருங்கள். புதிதாகக் காய்ந்த வண்டலில் ஒரு கோடு இன்னொன்றில் செங்கோணமாகப் போய் முட்டி நிற்கும். முதலில் வெடித்த நீளக்கோடு எது என்று அதிலேயே தெரியும். அதைக் குறுக்காக ஓடவிட்டுப் படத்தைக் கட்டுங்கள். நனைந்து காய்ந்து, மறுபடி நனைந்து காய்ந்த இடத்தில் மூன்று கோடுகள் சுமார் 120 பாகையில் சந்தித்து, தேன்கூடு போலாகும். அதில் தலைமைக் கோடு கிடையாது. ஒரு நத்தை ஓடோ, ஒரே ஒரு முளையோ இருக்கும் இடமாகப் பார்த்து எடுங்கள். ஆட்டுப் புழுக்கையும் சருகும் ஓரங்களில் கிடந்து கண்ணைப் பறிக்கும். நான்கு மூலையையும் பார்க்காமல் அழுத்தாதீர்கள்.

கேமரா தரைக்கு நேர் இணையாக இருக்க வேண்டும். கொஞ்சம் சாய்ந்தாலும் ஒரு பக்கத்து ஓடுகள் பெரிதாகி, பார்ப்பவர் ‘இது தரை’ என்று உடனே கண்டுபிடித்துவிடுவார். போன் என்றால் கட்டக்கோடுகளையும், மட்டம் காட்டும் வசதி தனியே இருந்தால் அதையும் ஆன் செய்யுங்கள்; பல போன்களில் கீழே நோக்கிப் பிடித்ததும் இரண்டு கூட்டல் குறிகள் தோன்றும், அவை ஒன்றன்மேல் ஒன்று பொருந்தினால் மட்டம். அகல லென்ஸில் உங்கள் கால்விரல் வந்துவிடும், ஓரமும் இழுபடும். 2 மடங்கு ஜூமில் எடுங்கள். சூரியனைப் பார்த்து நின்றால் உங்கள் நிழல் பின்னால் போய்விடும்.

குளச்சல் பக்கத்திலிருந்து:

மணவாளக்குறிச்சிக் கரையில் மணலே மூன்று நிறம்: இல்மனைட் கறுப்பு, கார்னெட் சிவப்பு, குவார்ட்ஸ் வெளுப்பு. இல்மனைட் குவார்ட்ஸைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் கனம். திரும்பும் அலை லேசான மணலை அரித்துக்கொண்டு போக, கனமானது தங்கிவிடும். ஒரு சிப்பியோ கூழாங்கல்லோ தடுத்தால் அதற்குக் கீழே வால்போல் ஒரு கோலம் விழும். அடுத்த பெரிய அலை வந்தால் அது இல்லை. ஆகவே ட்ரைபாட் விரிக்க நேரமில்லை. ஷட்டர் 1/250 நொடி, லென்ஸ் துளை எஃப்/8, ஒளியுணர்வு (ஐஎஸ்ஓ) ஆட்டோ என்று வைத்துக் கையில் பிடித்தே எடுக்க வேண்டும்.

அலை விலகியதும் மணல்மேல் நீர்ப்படலம் பளபளக்கும். அது வடியும் வரை பொறுங்கள். ஈரம் மட்டும் மிஞ்சும்போது கறுப்பும் சிவப்பும் நன்றாகப் பிரியும். மிச்சப் பளபளப்பை லென்ஸின் முன் மாட்டும் போலரைசர் வடிகட்டி எடுக்கும், ஆனால் நேர் கீழே பார்த்து எடுத்தால் அதற்கு வேலையே இல்லை; சாய்வாகப் பார்க்கும்போதுதான் அது பிடிக்கும். ஒன்றரை, இரண்டு ஸ்டாப் ஒளியையும் தின்னும். கறுப்பு மணலைக் கேமராவின் ஒளிமானி சாம்பலாக்கப் பார்க்கும்; ஒரு ஸ்டாப் குறையுங்கள். கடலுக்கு முதுகு காட்டி மட்டும் குனியாதீர்கள்.

மறுபடியும் உடன்குடியிலிருந்து:

பனை மரத்து வளையங்களை எப்படி எடுப்பது என்று ஒருவர் கேட்டிருந்தார். மரம் உருண்டை என்பதால் கிட்டப்போய் எடுத்தால் நடு மட்டும் கூர்மையாக இருக்கும், இரு ஓரமும் மங்கும். நாலைந்து மீட்டர் பின்னால் வந்து, நீள லென்ஸில் எஃப்/11 வையுங்கள். ஃபோகஸை முன்விளிம்பில் வைக்காமல் அதற்கும் ஓரத்துக்கும் இடையில் வைத்தால் இரண்டும் கிடைக்கும். மழை நனைத்த அடிமரம் கன்னங்கரேல் என்று இருக்கும். பாசியின் பச்சை அப்போதுதான் எழுந்து தெரியும்.